காலேஜ் ஃபுட்பாலில் "நவீன காலம்" எந்த வருடத்திலிருந்து?

எக்செல்குமரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வெறுமனே படித்துக்கொண்டிருந்தவன், முதல் தடவையாக எழுதுகிறேன்.

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் பார்ப்பவர்களுக்குத் தெரியும், சனிக்கிழமை வர்ணனையில் "நவீன காலத்தில் இதுதான் முதல் முறை" என்று ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார்கள். நவீன காலத்தில் அதிக டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது), நவீன காலத்தில் மோசமான தோல்வி. சரி, அந்த நவீன காலம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். 1906 என்று ஒருவர், 1936 என்று இன்னொருவர், 1998-க்கு முன்னால் நடந்ததெல்லாம் கணக்கிலேயே வராது என்று இன்னொருவர்.

எனக்கு ஏன் இந்தக் கவலை என்றால், அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் அலபாமாவில் படித்தவர், எதிர் மேஜைக்காரர் மிச்சிகனில் படித்தவர். சீசன் வந்தால் இரண்டு பேருக்கும் வாராவாரம் சண்டை. மிச்சிகன்காரர், "ஆயிரம் வெற்றியை முதலில் தொட்டது நாங்கள்தான்" என்பார் (2023 நவம்பரில் தொட்டார்கள், அது உண்மை). அலபாமாக்காரர், "அதில் பாதி தாத்தா காலத்து வெற்றி, நவீன காலத்தை மட்டும் எண்ணிப் பார்" என்பார். நான் எந்தப் பக்கமும் சேராதவன் என்பதால் என்னை ஒரு அட்டவணை போடச் சொல்லிவிட்டார்கள். வெகுளியாக ஒத்துக்கொண்டேன்.

1869-ல் ரட்கர்ஸ் பிரின்ஸ்டனை 6-4 என்று ஜெயித்த முதல் ஆட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்துக்கு 25 பேர், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. இதையும் போன வாரம் பார்த்த ஆட்டத்தையும் ஒரே பத்தியில் எப்படி வைப்பது? கோடு எங்கே போடலாம், ஏன் என்று காரணத்தோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

சனிக்கிழமைக்காரன்

1936. சிறந்த அணி எது என்று ஏ.பி. செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பு ஆரம்பித்த வருடம். மேலே படிக்க வேண்டியதில்லை.

சரி, காரணம் கேட்டீர்கள். அதற்கு முன்னால் "தேசிய சாம்பியன்" என்பதை யார் வேண்டுமானாலும் அறிவிக்கலாம். 1935-ல் ஏ.பி.யின் விளையாட்டு ஆசிரியர் ஆலன் கூல்ட் தானே ஒரு பட்டியல் போட்டு மினசோட்டா, பிரின்ஸ்டன், எஸ்.எம்.யு. மூன்றும் சமம் என்று முடித்தார். அடுத்த வருடம் நாடு முழுக்க இருந்த பத்திரிகைக்காரர்களிடம் வாராவாரம் ஓட்டு வாங்க ஆரம்பித்தார்கள், அது இன்று வரை ஓடுகிறது. சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை 1935-ல் வந்தது, கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. அதிகாரப்பூர்வமாகப் புள்ளிவிவரம் சேர்க்கத் தொடங்கியது 1937-ல். மூன்று வருடத்துக்குள் பட்டம், பரிசு, கணக்கு மூன்றும் வந்துவிட்டது. கோடு போட இதைவிட வசதியான இடம் ஏது?

---

பழையபேப்பர்

வசதி வேறு, சரி வேறு தம்பி. பத்திரிகைக்காரன் ஓட்டுப் போட ஆரம்பித்ததால் மைதானத்தில் எதுவும் மாறவில்லை. 1935-ல் ஆடியவனைத் தூக்கி 1936-ல் விட்டால் வித்தியாசமே தெரிந்திருக்காது. அதே ஆளைத் தூக்கி 1901-ல் விட்டுப் பாருங்கள், திகைத்துப் போவான்.

குமரனின் மிச்சிகன் நண்பர் பெருமைப்படுகிற அந்த 1901 அணியையே எடுத்துக்கொள்வோம். ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சியாளர். சீசன் முழுக்க 550 புள்ளி எடுத்தார்கள், எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். 1902 புத்தாண்டு அன்று நடந்த முதல் ரோஸ் பௌல் ஆட்டத்தில் (பௌல் என்றால் சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம்) ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று அடித்தார்கள், ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு கேப்டன் போதும் என்று சொல்லிவிட்டார். பிரமாதமான அணி, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஆடியது எந்த ஆட்டம்? டச்டவுனுக்கு 5 புள்ளி, ஃபீல்டு கோலுக்கும் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அதே 5. மைதானம் 110 யார்டு. மூன்று டவுனில் (டவுன் என்றால் பந்தை நகர்த்த ஒரு முயற்சி) 5 யார்டு நகர்ந்தால் போதும். பந்தை முன்னால் எறிவது என்ற பேச்சே கிடையாது. ஆட்களைக் குவித்து, கையைக் கோத்து, எதிரே இருப்பவன் மேல் மோதித் தள்ளுவதுதான் ஆட்டம்.

இந்த மோதலில்தான் பையன்கள் செத்தார்கள். 1905 சீசனில் மட்டும் 18 பேர் என்று அப்போதைய பத்திரிகைக் கணக்கு, பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பையன்கள். அந்த அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். சீசன் முடிந்ததும் கொலம்பியா ஆட்டத்தையே நிறுத்தியது, ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்குத் தாவின. டிசம்பரில் 62 கல்லூரிகள் கூடி அமைத்த சங்கம்தான் 1910-ல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாறியது. அவர்கள் 1906-ல் கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள்: முன்னால் பாஸ் எறியலாம், மூன்று டவுனில் 10 யார்டு போக வேண்டும், இரு அணிகளுக்கும் நடுவில் பந்தின் நீளத்துக்கு ஒரு இடைவெளி. அந்த செப்டம்பரிலேயே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் முதல் பாஸை எறிந்துவிட்டார்.

அதனால் 1906. ரொம்பக் கறாராகப் பார்த்தால் 1912 என்றும் சொல்லலாம், நாலு டவுன், 6 புள்ளி டச்டவுன், 100 யார்டு மைதானம், இரண்டு முனையிலும் 10 யார்டு எண்டு ஸோன் எல்லாம் அப்போதுதான் வந்தன. அந்த வருட விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய ஆட்டத்தைப் பார்த்தால் ஓரளவு புரியும்.

---

நாலாவதுடவுன்

பழையபேப்பர் ஐயா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, ஆனால் 1906 என்பது ஆட்டம் *பிறந்த* தேதி, நவீனமான தேதி இல்லை என்பது என் கட்சி. அந்தப் பாஸ் விதியையே பாருங்கள், எறிந்த பந்து யார் கையும் படாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இப்படி ஒரு விதி இருந்தால் எந்தப் பயிற்சியாளர் எறியச் சொல்வார்? 20 யார்டுக்கு மேல் எறியக்கூடாது என்று நடுவில் இன்னொரு கட்டுப்பாடு வேறு, அது 1912-ல்தான் போனது. அடுத்த வருடம் நோட்ர டேம் போய் ஆர்மியை 35-13 என்று பாஸாலேயே அடித்தபோதுதான் (எறிந்தவர் கஸ் டோரை, பிடித்தவர் நூட் ராக்னி) கிழக்குப் பக்கத்துப் பத்திரிகைகள் கண்ணைத் திறந்தன.

1936-ம் எனக்கு ஒப்பவில்லை. சனிக்கிழமைக்காரர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஏ.பி. ஓட்டு ரொம்ப வருடம் பௌல் ஆட்டங்களுக்கு *முன்னாலேயே* முடிந்துவிடும். புத்தாண்டு அன்று என்ன நடந்தாலும் பட்டம் பட்டம்தான். 1964-ல் அலபாமாவுக்குப் பட்டம் கொடுத்தார்கள், அப்புறம் ஆரஞ்சு பௌலில் டெக்ஸஸிடம் 21-17 என்று தோற்றது. சிரிப்பாய்ச் சிரித்துப் போனதால் 1965-ல் பௌல் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த வருடம் பார்த்து முதலிடத்தில் இருந்த மிச்சிகன் ஸ்டேட் ரோஸ் பௌலில் தோற்க, அலபாமா நெப்ராஸ்காவை 39-28 என்று அடித்து மறுபடி பட்டம் வாங்கியது. இரண்டு வழியிலும் லாபம்! உடனே 1966-ல் பழைய வழக்கத்துக்கே திரும்பினார்கள், அந்த வருடம் 10-10 என்று சமன் செய்துகொண்ட நோட்ர டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் முதல் இரண்டு இடம், ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அலபாமாவுக்கு மூன்றாவது இடம். பௌலுக்குப் பிறகுதான் ஓட்டு என்பது நிலையானது 1968-ல்தான்.

ஆனால் நான் கோடு போடுவது ஓட்டை வைத்தும் இல்லை. ஆட்களை மாற்றும் விதியை வைத்து. இதை யாருமே பேசுவதில்லை, எனக்குப் புரியாத விஷயம் அது.

இன்றைக்கு நாம் ஃபுட்பால் என்று பார்ப்பது என்ன? தாக்குகிற 11 பேர் வேறு, தடுக்கிற 11 பேர் வேறு, உதைப்பதற்கு மட்டும் ஒரு ஆள், அவனுக்குப் பந்தைப் பின்னால் எறிந்து கொடுக்க மட்டும் இன்னொரு ஆள். ஆரம்பத்தில் இது கிடையாது. இறங்கிய 11 பேர்தான் இரண்டு பக்கமும் ஆட வேண்டும். 1941-ல், ஆள் தட்டுப்பாட்டை மனதில் வைத்து, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதில் இருந்த வாய்ப்பைக் கண்டுபிடித்தவர் மிச்சிகனின் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர். 1945-ல் ஆர்மிக்கு எதிராக, தன் சின்னப் பையன்கள் தாங்கமாட்டார்கள் என்று தெரிந்து, தாக்க ஒரு கூட்டம் தடுக்க ஒரு கூட்டம் என்று பிரித்து இறக்கினார். 28-7 என்று தோற்றுத்தான் போனார். ஆனால் ஜெயித்த ஆர்மி பயிற்சியாளர் ஏர்ல் பிளைக் அதைப் பார்த்து அசந்துபோய்த் தானும் அப்படியே செய்தார், அவர் பட்டாளத்துக்காரர் என்பதால் "பிளட்டூன்" என்று பெயரும் வைத்தார்.

இதோடு நவீன காலம் ஆரம்பித்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை! 1953-ல் விதியைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இரண்டு அணி ஆட்களுக்குச் சாப்பாடும் சட்டையும் போட்டு மாளவில்லை என்று சின்னக் கல்லூரிகள் அழுததுதான் பெரிய காரணம். புது விதிப்படி முதல் காலாட்டத்தில் (ஆட்டத்தின் நாலில் ஒரு பங்கு) வெளியே வந்தவன் அடுத்த கால் தொடங்கும் வரை உள்ளே போக முடியாது, இரண்டாவது காலில் வெளியே வந்தவன் கடைசி நாலு நிமிடத்துக்குத்தான் திரும்பலாம். ஒரு பயிற்சியாளரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள், உங்களிடம் அருமையாகப் பந்து எறிகிற பையன் இருக்கிறான், தடுப்பாட்டம் சுத்தமாக வராது. பந்து எதிரணிக்குப் போனதும் அவனை வெளியே எடுத்தால் அந்தக் கால் முழுக்க அவன் பெஞ்சில்தான், எடுக்காமல் விட்டால் எதிரணி ஓட்டக்காரன் நேராக அவன் பக்கமே ஓடி வருவான். எது வசதி? இரண்டையும் சுமாராகச் செய்கிற இன்னொரு பையனை இறக்குவதுதான். 50-களின் கணக்கில் பாஸ் யார்டுகள் ஏன் அவ்வளவு குறைவு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1964-ல் அந்த விதி தளர்ந்தது, 1965-ல் முழுக்கப் போனது. அன்றிலிருந்து பந்து எறிகிற குவார்ட்டர்பேக் குவார்ட்டர்பேக் வேலையை மட்டும் பார்க்கிறான். என் கோடு 1965.

---

மேகலா

நீங்கள் எல்லோரும் விதிப்புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். யார் ஆட அனுமதிக்கப்பட்டார்கள் என்பதை யாராவது பார்த்தீர்களா?

1969-ல் பட்டம் வாங்கிய டெக்ஸஸ் அணியில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. அது மாதிரி அணிக்குக் கிடைத்த கடைசிப் பட்டம் அது. அலபாமா இருக்கிற எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில் (தென் மாநிலக் கல்லூரிகளின் கூட்டமைப்பு) முதல் கறுப்பினத்தவர், கென்டக்கியின் நேட் நார்த்திங்டன், இறங்கியதே 1967-ல். நாட்டில் இருக்கிற திறமைசாலிகளில் ஒரு பெரும் பகுதியை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு ஆடிய ஆட்டத்தை எந்த வாயால் நவீனம் என்று சொல்வது? நாலாவதுடவுன் சொன்ன 1964, 1965 அலபாமா அணிகளும் முழுக்க வெள்ளையர் அணிகள்தான், அதையும் அந்தக் கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1970 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி. அணி பர்மிங்ஹாம் போய் அலபாமாவை 42-21 என்று அடித்ததும், அந்த அணியின் கறுப்பின ஆட்டக்காரர் சாம் கன்னிங்ஹாம் 135 யார்டு ஓடியதும், அதைப் பார்த்துத்தான் அலபாமா பயிற்சியாளர் பேர் பிரையன்ட் மனம் மாறினார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் பாதி அலங்காரம். வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவருக்கு அலபாமா ஏற்கெனவே ஸ்காலர்ஷிப் கொடுத்திருந்தது, அன்றைக்கு அவர் அந்தக் கல்லூரி மாணவர்தான். ஆட்டத்தில் ஏன் இறங்கவில்லை என்றால், முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்று அப்போது விதி!

அந்த விதி போனது 1972-ல். ஒஹையோ ஸ்டேட்டில் ஆர்ச்சி கிரிஃபின் தன் இரண்டாவது ஆட்டத்திலேயே 239 யார்டு ஓடினார், முதலாண்டுப் பையன். 1973-ல் டிவிஷன் 1, 2, 3 என்று பிரித்தார்கள், ஸ்காலர்ஷிப்புக்கு 105 என்று உச்சவரம்பு வந்தது. அதுவரை பணக்காரக் கல்லூரி எத்தனை பேரை வேண்டுமானாலும் வளைத்துப் போடலாம், தான் ஆடவைக்காவிட்டாலும் எதிரியிடம் போகாமல் இருந்தால் போதும் என்று. அப்புறம் அது 95 ஆகி, 1994-ல் 85 ஆனது.

1970-லிருந்து 1973-க்குள் எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

---

எக்செல்குமரன்

ஐயோ. ஒரு வருடம் கேட்டேன், ஆறு கிடைத்துவிட்டது. எல்லாமே நியாயமாக வேறு இருக்கிறது.

ஒன்று கவனித்தேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து, இரண்டு கல்லூரிகளும் தாங்களாகச் சொல்லிக்கொள்கிற பட்டங்களை ஒவ்வொரு கோட்டுக்கும் எண்ணிப் பார்த்தேன். கோடே போடாவிட்டால் அலபாமா 18, மிச்சிகன் 12. 1906 என்றால் மிச்சிகனின் 1901 முதல் 1904 வரையான நாலும் போய் 18-க்கு 8. 1936 என்றால் 14-க்கு 4. 1965 என்றால் 11-க்கு 2. எங்கே போட்டாலும் ஜெயிப்பது ஒரே ஆள்தான், வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் மாறுகிறது. இதை மிச்சிகன்காரரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

---

பெஞ்சுவக்கீல்

அவரிடம் 1941-ஐப் பற்றிச் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அந்த வருடம் அலபாமா இரண்டு ஆட்டம் தோற்றது, ஏ.பி. பட்டியலில் 20-வது இடம். ஏதோ ஒரு கணித முறைப் பட்டியலில் முதலில் வந்தது என்பதை வைத்து, பல பத்து வருடம் கழித்து, 1980-களில்தான் அதைத் தங்கள் பட்டங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அலபாமா ரசிகர்களே இதை வாய்விட்டுப் பேசமாட்டார்கள்.

கேள்விக்கு என் பதில்: 1984 ஜூன் 27. தேதியோடு சொல்கிறேன், ஏனென்றால் இது ஒன்றுதான் தேதியோடு சொல்லக்கூடியது.

அதுவரை காலேஜ் ஃபுட்பாலை டிவியில் காட்டும் உரிமை முழுக்க என்.சி.ஏ.ஏ. கையில் இருந்தது. டிவியில் பார்த்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்ற பயத்தில் 50-களிலேயே போட்ட ஏற்பாடு. 80-களின் தொடக்கத்தில்கூட ஒரு அணி இரண்டு வருடத்துக்குச் சேர்த்து ஆறு தடவைக்கு மேல் டிவியில் வரக்கூடாது, அதிலும் நாடு முழுக்கக் காட்டுவது நாலு தடவைதான். எவ்வளவு பெரிய அணியாக இருந்தாலும் சரி. இன்றைக்குக் காலையிலிருந்து நள்ளிரவு வரை ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு இது நம்ப முடியாது. பெரிய கல்லூரிகள் தனியாகச் சேர்ந்து என்.பி.சி.யுடன் ஒரு ஒப்பந்தம் பேச, என்.சி.ஏ.ஏ. நடவடிக்கை எடுப்போம் என்று மிரட்ட, ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7-2 என்று என்.சி.ஏ.ஏ.க்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. போட்டியை முடக்கும் கூட்டு ஏற்பாடு, சட்டப்படி செல்லாது என்று.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் ஒயிட் யார் தெரியுமா? 1937-ல் கொலராடோவுக்காக ஆடி, அந்த வருடம் நாட்டிலேயே அதிக யார்டு ஓடியவர், ஹைஸ்மனில் இரண்டாவது இடம். சனிக்கிழமைக்காரர் சொன்னாரே, அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரம் ஆரம்பித்த வருடம், அதே 1937. அந்தக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தவர், பழைய ஏற்பாடு இருக்கட்டும் என்று கடைசி வரை வாதாடியிருக்கிறார்.

தீர்ப்பு வந்ததும் பணம் கொட்டவில்லை, உண்மையில் முதலில் குறைந்தது. திடீரென்று எல்லோரும் ஆட்டங்களை விற்க வந்ததால் விலை விழுந்தது. ஆனால் யார் விற்பது என்ற அதிகாரம் கை மாறிவிட்டது, மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தன. நோட்ர டேம் 1991-லிருந்து தன் வீட்டு ஆட்டங்களைத் தனியாக என்.பி.சி.யில் காட்டியது. எஸ்.இ.சி. 1992-ல் ஆர்கன்ஸாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்து 12 அணியாகி, முதல் கான்ஃபரன்ஸ் இறுதியாட்டம் நடத்தியது. சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996-ல் கலைந்தே போனது. பசிபிக் கரையில் இருக்கிற யு.சி.எல்.ஏ. 2024-லிருந்து நாட்டின் நடுப்பகுதிக் கான்ஃபரன்ஸான "பிக் டென்"னில் ஆடுகிறது, அதே கரையில் இருக்கிற ஸ்டான்ஃபோர்டு "அட்லான்டிக் கோஸ்ட்" கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. வரைபடம் பார்த்துச் சிரிக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் ஊற்று அந்த ஒரு தீர்ப்பு.

---

ரெட்ஷர்ட்

2021 ஜூலை 1. ஆடுகிற பையன் தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆன நாள். அதற்கு முன்னால் எல்லாம் கற்காலம் 😄

---

சனிக்கிழமைக்காரன்

ரெட்ஷர்ட் தம்பி, இன்னும் பத்து வருடம் கழித்து நீ சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், அதுதான் பயமாக இருக்கிறது.

நான் முதலில் அவசரப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குமரன், உங்கள் வேலை *அட்டவணை*. தத்துவம் இல்லை. எண்களை வைத்துப் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணை எப்போதிலிருந்து, எப்படி எண்ணினார்கள் என்பது. ஒரு உதாரணம் சொல்கிறேன், இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன்.

விஸ்கான்சினின் ரான் டேன் 1996-லிருந்து 1999 வரை ஓடியது மொத்தம் 7,125 யார்டு. புத்தகத்தில் இருப்பது 6,397. மீதி 728 எங்கே? பௌல் ஆட்டங்களில் ஓடியது. 2002 வரை பௌல் ஆட்டத்து எண்களை என்.சி.ஏ.ஏ. சேர்ப்பதே இல்லை, அந்த வருடத்திலிருந்துதான் சேர்க்க ஆரம்பித்தது, பழையவற்றைத் திருத்தவும் இல்லை. 2016-ல் சான் டியகோ ஸ்டேட்டின் டானெல் பம்ஃப்ரி 6,405-ஐத் தொட்டு "சாதனையை முறியடித்தார்". அதையும் ஒரு பௌல் ஆட்டத்தில்தான் முறியடித்தார்! டேன் ஓடிய பௌல் கணக்கில் இல்லை, பம்ஃப்ரி ஓடிய பௌல் கணக்கில் உண்டு. அன்றைக்கு நான் ஒரு வினாடி வினாவில் டேன் என்று எழுதி, தப்பு என்று அடித்துவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை.

ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸுக்கும் இதே கதைதான். 1988-ல் 11 ஆட்டத்தில் 2,628 யார்டு என்று புத்தகம் சொல்லும். ஹாலிடே பௌலில் ஓடிய 222-ஐச் சேர்த்தால் 2,850.

அதனால் பட்டங்களுக்கு 1936-லிருந்து போடுங்கள். வெற்றி தோல்விக் கணக்குக்கு நாலாவதுடவுன் சொன்ன 1965 நல்லது. தனி ஆள் சாதனைகளைத் தொடவே தொடாதீர்கள், தொட்டால் 2002-ல் இன்னொரு கோடு போட வேண்டிவரும்.

---

பழையபேப்பர்

1965-க்கு முந்தைய வெற்றிகளைத் தூக்கிப் போட்டால் ராக்னியும் போய்விடுவார், யோஸ்டும் போய்விடுவார். முதல் ஹைஸ்மன் வாங்கிய ஜே பெர்வேங்கரும் போய்விடுவார். அவர் ஆடிய சிகாகோ பல்கலைக்கழகம் 1939-லேயே பெரிய ஃபுட்பாலை விட்டு விலகிவிட்டது, பாவம், அவருக்காக வாதாடக்கூட அங்கே ரசிகர் கூட்டம் இருக்காது. எதையாவது செய்யுங்கள், ஆனால் அந்த வரிசைகளை அழிக்க மட்டும் செய்யாதீர்கள், மறைத்து வையுங்கள்.

---

எக்செல்குமரன்

ஐயா, எதையும் அழிக்கவில்லை. சனிக்கிழமைக்காரர் அண்ணன் சொன்னபடி பட்டத்துக்கு 1936, வெற்றிக் கணக்குக்கு 1965 என்று இரண்டு கோடு போட்டு, பழைய வரிசைகளைச் சாம்பல் நிறத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். மேகலா அக்கா சொன்னதற்காக ஒவ்வொரு கல்லூரிக்கும் முதல் கறுப்பின ஆட்டக்காரர் இறங்கிய வருடம் என்று தனியாக ஒரு பத்தி சேர்க்கிறேன், அது பாதிதான் நிரம்பியிருக்கிறது.

இன்று காலை இரண்டு பேருக்கும் அனுப்பினேன். மிச்சிகன்காரர் 1901 வரிசையின் சாம்பல் நிறத்தைப் பார்த்துவிட்டு, "550-0-க்கு இதுதான் மரியாதையா?" என்று கேட்டார். அலபாமாக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் கோப்பைத் திறந்து பார்த்தால், 1941-க்கு எதிரே நான் போட்டிருந்த "ஏ.பி. இடம்: 20" என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. திருத்தும் அனுமதி கொடுத்தது என் தப்பு.